இசை கூடிய ஆயிரம்: திருவிருத்தமும் திருவாய்மொழியும்

நம்மாழ்வார் அருளிச்செய்த நான்கு திவ்யப்ரபந்தங்களையும் நான்கு வேதங்களின் ஸ்தானத்தில் வைத்து அநுஸந்திப்பது ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயம். திருவிருத்தம் ருக்வேதம், திருவாசிரியம் யஜுர்வேதம், பெரிய திருவந்தாதி அதர்வணம், திருவாய்மொழி ஸாமவேதம். இவ்வொப்புமை ஆழ்வாரின் பெருமையைச் சொல்ல எழுந்த ஸ்துதி மாத்திரம் என்று மேலெழுந்தவாரியாகக் கொள்பவர் உண்டு. ஆனால் ஆசார்ய ஹ்ருதயத்தில் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் இதற்குக் காரணமும் காட்டியருளுகிறார். ருக்கானது ஸாமமாகப் பாடப்படும்போது கானத்தாலே ரஸம் மிகுந்து, ஸ்தோபங்களாலே விரிவடைகிறது. அவ்வாறே திருவிருத்தத்தின் நூறு பாட்டுக்கள் இசை கூடியவளவில் திருவாய்மொழியின் ஆயிரமாயின என்பது அவர் திருவுள்ளம்.

இந்தச் சூர்ணை இலக்கணம், இசை, தத்துவம் ஆகிய மூன்றும் சந்திக்குமிடம். இசை என்பது முன்னமே முடிந்துபோன பாட்டின்மேல் பிற்பாடு சாத்தும் ஓர் ஆபரணமா, அன்றிப் பாட்டின் வடிவத்தையே வேறாக்கும் ஒரு ஸாமர்த்தியமா என்ற கேள்விக்கு நாயனார் இரண்டாவதையே விடையாகக் கொள்கிறார். இந்த விடை இன்று கூர்ந்து நோக்கத்தக்கது. ஏனெனில் ஆயிரம் இன்று உள்ளது. அதை ஆயிரமாக்கிய இசை, ஆழ்வார் காலத்தில் இருந்தபடியே இன்று இல்லை.

ஸாமகானத்தின் வழி

ஸாமவேதத்து மந்த்ரங்களில் சிலவே ஒழிய மற்றவையெல்லாம் ருக்வேதத்திலும் காணப்படுபவை. ஆகவே ருக்கையும் ஸாமத்தையும் பிரிப்பது பொருளன்று, கானமே. ருக்கைக் கானமாக்குவதற்கு ஆறு வழிகள் சொல்லப்படுகின்றன. எழுத்தை மாற்றுவது விகாரம். ருக்கில் ‘அக்நே’ என்றிருக்கும் விளி ஸாமத்தில் ‘ஓக்நாயி’ என்றாவது இதற்கு உதாரணம். சொல்லைப் பிரிப்பது விச்லேஷணம். ஸ்வரத்தை நீட்டுவது விகர்ஷணம். ஒரு பகுதியை மீண்டும் சொல்லுவது அப்யாஸம். சொல்லின் நடுவே நிறுத்துவது விராமம். ருக்கில் இல்லாத ஹாவு, ஹோயி முதலான பொருளற்ற அக்ஷரங்களை இட்டு நிரப்புவது ஸ்தோபம்.

தமிழ் இலக்கணத்தார்க்கும் இந்த வழிகள் புதியன அல்ல. எழுத்துக்களுக்கு மாத்திரை வகுத்த தொல்காப்பியர், அவ்வியல் முடியுமிடத்தில், இசையில் எழுத்துக்கள் தம் அளவைக் கடந்து ஒலிக்கும் என்றும், அது யாழ்நூலார் கூறும் முறை என்றும் சொல்லி நிறுத்துகிறார். செய்யுளில் ஓசை குறையுமிடத்து உயிர் நீளுவதற்குச் செய்யுளிசை அளபெடை என்று பெயரிட்டனர். பொருள் குறியாது ஓசையை நிரப்பி நிற்கும் சொல்லை அசைநிலை என்றும் இசைநிறை என்றும் வகுத்தனர். அளபெடை விகர்ஷணத்தின் ஸ்தானத்தில் நிற்பது. அடி மடங்கி வருதல் அப்யாஸத்தின் ஸ்தானத்தில் நிற்பது. இசைநிறை ஸ்தோபத்தின் ஸ்தானத்தில் நிற்பது. திருப்பாவையின் முப்பது பாட்டின் ஈற்றிலும் வரும் பாவைத் தொடரைப் பாதத்தை நிரப்புவதாகக் கொள்ளும் உரைவழக்கும் இங்கே நினைக்கத்தக்கது.

ஆயினும் உவமையை எல்லை கடந்து இழுத்தலாகாது. ஸாமம் ருக்கின் சொற்களையே எடுத்து நீட்டுகிறது. திருவாய்மொழியோ திருவிருத்தத்தின் சொற்களை நீட்டியதன்று. முற்றிலும் வேறான பாட்டுக்கள். அங்ஙனமாயின் எது விரிந்தது என்பதை அறிய, இரண்டின் யாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

நூற்றின் கட்டு

திருவிருத்தம் நூறு பாட்டும் கட்டளைக் கலித்துறை. இதன் பெயரிலேயே கட்டளை இருக்கிறது. ஒவ்வோர் அடியிலும் ஐந்து சீர். சீர்களுக்கிடையே வெண்டளை பிறழலாகாது. ஐந்தாஞ்சீர் விளங்காய் வாய்பாட்டில் நிற்கும். பாட்டு ஏகாரத்தில் முடியும். இவற்றுக்கு மேலும் எழுத்தெண்ணிக்கை உண்டு. ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து. நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து. நான்கடிக்கும் முறையே 64, 68. ஓர் எழுத்துக் கூடவும் இடமில்லை, குறையவும் இடமில்லை.

இத்தகைய யாப்பில் இசைக்கு இடம் கொடுக்கும் வெற்றிடம் மிகக் குறைவு. எழுத்தெண்ணி அமைந்த அடியில் நீட்டத் தொடங்கினால் கட்டளையின் அழகு மறையும். நினைவில் நிறுத்தி, சொல்லுக்குச் சொல் பொருளை எண்ணிச் சேவிப்பதற்கே இது ஏற்றது. வெண்பாவும் இவ்வாறே, ஈற்றடி மூன்று சீரில் சுருங்கி, இறுதிச் சீர் ஓரசையளவில் முடிகிறபோது அந்தப் பாட்டு தானாகவே கதவடைத்துக் கொள்கிறது.

இதனாலேயே நாலாயிரத்தில் மூன்றாமாயிரம் இயற்பா என்று தனியே நின்றது. முதல் மூன்று திருவந்தாதிகளும், நான்முகன் திருவந்தாதியும், பெரிய திருவந்தாதியும் வெண்பா. திருவிருத்தம் கட்டளைக் கலித்துறை. திருவாசிரியமும் திருவெழுகூற்றிருக்கையும் ஆசிரியப்பா. மடல்கள் இரண்டும் கலிவெண்பா. நாதமுனிகளுக்குப் பல்லாண்டுகள் கழித்து எம்பெருமானார் விஷயமாகத் திருவரங்கத்தமுதனார் அருளிச்செய்த இராமாநுச நூற்றந்தாதியும், கட்டளைக் கலித்துறையாகையாலே, இயற்பாவின் முடிவில் இடம்பெற்று அந்த ஆயிரத்தை 817 பாட்டாக நிறைத்தது. இயற்பா என்னும் பகுப்பு தாழ்வைக் குறித்ததன்று, யாப்பைக் குறித்தது என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஆயிரத்தின் இடம்

திருவாய்மொழியில் நிலைமை வேறு. இங்கே கலிவிருத்தமும், ஆசிரிய விருத்தமும், கலித்துறை வகைகளும், கொச்சகக் கலியும் வருகின்றன. ஒரு திருவாய்மொழிக்குள் பதினொரு பாட்டுக்கும் யாப்பு ஒன்றே. முதற்பாட்டின் அடியளவும் சீரளவும் அமைந்தபின், மற்றப் பத்தும் அதே வழியில் நடக்கும். ஆகவே முதற்பாட்டுக்குப் பொருந்திய இசை மற்றப் பத்துக்கும் பொருந்தும். பாடுபவர்க்கு ஒவ்வொரு பாட்டுக்கும் புதிய வழி தேடும் சுமை இல்லை. கேட்பவர்க்கு இரண்டாம் பாட்டிலிருந்தே இசை தெரிந்துவிடுகிறது, இனிக் காது முழுதும் சொல்லுக்கே. இசை திரும்பித் திரும்பி வர, பொருள் ஒவ்வொரு படியாக ஏறுகிறது. இதுவே பதிகம் என்னும் அமைப்பின் உட்கருத்து.

எது விரிந்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். திருவிருத்தத்தில் தலைவனைப் பிரிந்த தலைமகள் தூதுவிடும் பாட்டுக்கள் உண்டு. முப்பதாம் பாட்டில் அன்னங்களையும் வண்டானங்களையும் தூதாக வேண்டுகிறாள். அடுத்த பாட்டில் மேகங்களைக் குறித்துப் பேசுகிறாள். ஒரு வேண்டுகோளுக்கு நான்கடி. அத்துடன் அந்த நிலை முற்றிவிடுகிறது. திருவாய்மொழியிலோ அதே தூது நான்கு பதிகங்களாகிறது. முதற்பத்தின் நான்காம் திருவாய்மொழியில் அவள் நாரையை அழைக்கிறாள், பின் குயிலை, பின் அன்னத்தை, பின் அன்றிலை. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக விளித்துச் சென்று, போக ஒருவரும் இல்லாமற் போக, முடிவில் தன் நெஞ்சையே தூதாக வேண்டுகிறாள். நாற்சீர் நான்கடியாக ஒரே யாப்பு பத்து முறை திரும்புகிறது. இசை மாறாமல் விளிக்கப்படும் பொருள் மட்டும் மாறிவருகையில், அந்த மாறாமையே அவளுடைய ஆற்றாமையாகக் கேட்பவர் நெஞ்சில் நிற்கிறது. நான்கடிக்குள் சொல்லி முடிக்கக் கூடிய செய்தி இது. நான்கடிக்குள் அநுபவித்து முடிக்கக் கூடியது அன்று.

தாய், தோழி, மகள் என்னும் மூவர் பேச்சாகத் திருவாய்மொழியில் 27 பதிகங்கள் அமைந்தமையும் இவ்வாறே. திருவிருத்தத்தில் ஒவ்வொரு துறையாக மின்னி மறைந்த நிலைகள் இங்கே நின்று பாடப்படுகின்றன. ஸ்தோபம் ருக்கை அக்ஷரத்தால் விரிக்கிறது. இசை கூடிய பதிகம் ஆழ்வாருடைய பாவத்தை அநுபவகாலத்தால் விரிக்கிறது. நூறு ஆயிரமான வழி இதுவே என்று கொண்டால் நாயனாருடைய வாக்கு எழுத்தளவிலும் பொருந்துவதாகிறது.

நாதமுனிகள் செய்தது

பாட்டுக்கு இசை வகுத்து, அதைப் பெயரிட்டுக் குறித்து வைப்பது தமிழில் பழைய வழக்கு. 1918இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த பரிபாடலில், திருமால், செவ்வேள், வையை ஆகிய பொருள்களைப் பற்றிய பாட்டுக்களின் ஈற்றில் பாடியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் காணப்படுகின்றன. பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்பன அப்பண்கள். சொல் ஒருவருடையது, இசை மற்றொருவருடையது என்ற பிரிவு அக்காலத்திலேயே தெளிவாக இருந்தது.

அருளிச்செயலுக்கு இசை வகுத்தவராக ஸம்ப்ரதாயம் கொண்டாடுவது நாதமுனிகளை. காட்டுமன்னார்கோயிலில் ஸ்ரீவைஷ்ணவர்கள் சிலர் திருக்குடந்தைப் பெருமாள் விஷயமான ஐந்தாம்பத்து எட்டாம் திருவாய்மொழியைப் பாடக் கேட்டு அவர் ஈடுபட்டார் என்று குருபரம்பரை கூறும். அந்தப் பதிகத்தின் கடைசிப் பாட்டு, இப்பத்தும் ஓராயிரத்தில் அடங்கியது என்று தன்னளவைத் தானே சொல்லிற்று. மற்றவை எங்கே என்ற கேள்வி அங்கே பிறந்தது. பாடினவர்க்குப் பத்துக்கு மேல் தெரியாது. நாதமுனிகள் திருக்குடந்தைக்கும், பின்பு திருக்குருகூர்க்கும் சென்று, மதுரகவியாழ்வார் பரம்பரையில் வந்த பராங்குசதாஸரிடம் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பெற்று, அதைப் பன்னீராயிரம் உரு ஜபித்து, ஆழ்வார் ப்ரஸாதத்தாலே நாலாயிரத்தையும் பெற்றார்.

இவ்வரலாற்றில் உற்று நோக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. அவரை ஈர்த்தது இசை. அவருக்கு வழிகாட்டியது யாப்பின் அமைப்பு. பாடக் கேளாதிருந்தால் அவர் நின்றிருக்க மாட்டார். பயன் கூறும் கடைசிப் பாட்டு தன் தொகையைச் சொல்லாதிருந்தால், அழகிய பத்துப் பாட்டைக் கேட்டோம் என்ற மகிழ்ச்சியோடு அந்நாள் முடிந்திருக்கும்.

பின்பு அவர் தம் மருமக்களான மேலையகத்தாழ்வானுக்கும் கீழையகத்தாழ்வானுக்கும் இவற்றைத் தேவகானத்தில் பயிற்றுவித்தார் என்றும், தாளங்களின் ஒலியைக் கேட்டே அவற்றின் நிறையைச் சொல்லவல்லவராயிருந்தார் என்றும் குருபரம்பரை பேசும். ஸ்வாமி தேசிகனும் அவரைத் தாளமும் தமிழ்மறையின் இன்னிசையும் தந்த வள்ளலாகவே போற்றுகிறார். திருவரங்கத்தில் மார்கழி அத்யயநோத்ஸவத்தில் இராப்பத்து பத்து நாளும் திருவாய்மொழியின் பத்துப் பத்துக்களும் அரையர்களால் தாளத்துடன் ஸேவிக்கப்படுவது இந்த மரபின் தொடர்ச்சி. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும் அரையர் ஸேவை நடைபெற்று வருகிறது. பாட்டும், அபிநயமும், தம்பிரான்படி வ்யாக்யானமும் ஒரே கைங்கர்யத்தில் சேர்ந்திருப்பது வேறெங்கும் காண்பதற்கரிது.

போனதும் நின்றதும்

திவ்யப்ரபந்தப் பதிப்புகள் சிலவற்றில் பதிகத்தின் தலைப்பில் பண்ணும் தாளமும் குறிக்கப்பட்டிருக்கும். நட்டபாடை, இந்தளம், தக்கேசி, புறநீர்மை, செந்துருத்தி, முதிர்ந்த குறிஞ்சி முதலியன பண்கள். ஏழொத்து, ஒன்பதொத்து, நடையொத்து, இடையொத்து முதலியன தாளங்கள். பெயர்கள் நிற்கின்றன. ஆனால் முதிர்ந்த குறிஞ்சி என்ற தலைப்பைக் கண்டு, அதன் ஸ்வரஸஞ்சாரம் இதுவென்று பரம்பரையாகப் பாடிக்காட்டும் வழக்கு கோஷ்டியில் நிலைபெறவில்லை. ஓதுவார் மரபில் புறநீர்மையைப் பூபாளமென்றும், தக்கேசியைக் காம்போதியென்றும், செந்துருத்தியை மத்தியமாவதியென்றும் பாடுவர். இதைக்கொண்டு ஓரளவு ஊகிக்கலாம், ஊகம் பாடமாகாது.

இசை காதால் மட்டுமே கைமாறுவது. ஒரு தலைமுறை பாடாதிருந்தால் அடுத்த தலைமுறைக்கு அதைக் கொடுப்பார் இல்லை. 1323இல் திருவரங்கத்திலிருந்து புறப்பட்ட நம்பெருமாள் 1371இல் மீண்டும் எழுந்தருளினார். 48 ஆண்டுகள். இத்தகைய காலங்களைக் கடந்தும் ஒரு பாசுரமும் குறையாமல் சொல் வந்து சேர்ந்ததென்றால், அதைக் காத்தவை எவை என்று கேட்கவேண்டும்.

முதலாவது அந்தாதி. திருவாய்மொழியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாகிறது. ஒரு பதிகத்தின் முடிவு அடுத்த பதிகத்தின் தொடக்கமாகிறது. ஆயிரத்தின் கடைசிச் சொல் முதற்பாட்டின் முதற்சொல்லுக்குத் திரும்புகிறது. இடையில் ஒரு பாட்டு விழுந்தால் கண்ணி அறுந்தது உடனே தெரியும். இரண்டாவது தொகை. பதிகந்தோறும் பதினொன்று, பன்னிரு திருநாமங்களைப் பாடும் இரண்டாம்பத்து ஏழாம் திருவாய்மொழி மட்டும் பதின்மூன்று. நூறு பதிகத்துக்கு 1100, அதனோடு 2, ஆக 1102. மூன்றாவது அடிவரவு. பதிகத்தின் பாட்டு முதற்குறிப்புக்களைக் கோத்து, அடுத்த பதிகத்தின் முதற்குறிப்போடு முடிக்கும் இந்தச் சிறு மாலை, சந்தை சொல்லும் சிறுவன் வாயில் வரிசை பிறழாமல் காத்தது. வ்யாக்யானங்களும் ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி என்று எழுத்தளவாலேயே பெயர்பெற்றன. 32 எழுத்துக் கொண்டது ஒரு படி. எண்ணிக் காப்பது இந்த ஸம்ப்ரதாயத்தின் இயல்பு.

இம்மூன்றும் சொல்லைக் காத்தன. இசையைக் காக்க இவற்றால் ஆகவில்லை. ஆனால் இசை எங்கே இருந்தது என்பதை இவை காத்தன. விருத்தத்தின் சீர் வரிசையும், நெட்டெழுத்து நிற்கும் இடமும், மீண்டுவரும் ஈற்றுச் சொல்லும் சிதையாதவரையில், இசை உட்காரும் ஆஸனம் காலியாகவேனும் நிற்கிறது. யாப்பிலக்கணத்தார் வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியத்துக்கு அகவல், கலிக்குத் துள்ளல், வஞ்சிக்குத் தூங்கல் என்று ஓசை வகுத்தனர். ஓசை பாட்டுக்குள்ளேயே பிறப்பது. இசை பாடுபவர் கூட்டுவது. கூட்டியது பிரிந்தது, பிறந்தது பிரியவில்லை. திருச்சந்த விருத்தத்தை இயலாகச் சேவிக்கும்போதும் தாளம் தானாகவே கேட்பது இதனால்தான்.

இக்காலத்துக் கடமை

இதை நினைத்தால் இரண்டு விஷயங்களில் விழிப்பு வேண்டும். ஒன்று, கச்சேரி மேடையில் அருளிச்செயல். அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் திருப்பாவைக்கு இராகங்கள் அமைத்துப் பாடியதனால், அது கோயில் மதிலைக் கடந்து பல இல்லங்களை அடைந்தது. முதற்பாட்டை நாட்டையில் தொடங்கி, பாட்டுக்கொரு இராகமாக அவ்வமைப்பு செல்கிறது. முப்பது பாட்டுக்கும் எட்டடியும் ஒரே யாப்பும் ஒரே ஈற்றுத் தொடரும் அமைந்திருப்பதைப் பார்த்தால், நூலின் கட்டு ஒரே இசை மீண்டும் மீண்டும் வருவதையே எதிர்நோக்குகிறது. மேடையின் அழகு மேடைக்கு. கோஷ்டியில் முப்பதும் ஒரே நடையில் செல்லும் முறையை அதற்காக வறியதென்று கருதுவது யாப்பை அறியாமை.

மற்றொன்று, பதம் பிரித்து அச்சிடுதல். பொருள் எளிதில் விளங்க இது உபகாரமே. ஆனால் பிரித்தபடியே சேவிக்கத் தொடங்கினால் கட்டளை குலையும். ‘பாட்டிசை’ என்பதில் ஒற்று நீக்கி மூன்றெழுத்து. ‘பாட்டு இசை’ என்று பிரித்தால் நான்கு. மறைந்திருந்த குற்றியலுகரம் எழுந்து நின்றவளவில் 16 எழுத்தடி 17 எழுத்தாகிறது, தளை தவறுகிறது, அடியின் ஓசையே மாறுகிறது. இவ்வாறு பத்தாண்டு சேவித்த காதுக்குப் பின்பு சரியான பாடமே பிழையாகக் கேட்கும். ஆகையாலே பொருளுக்குப் பிரித்த பாடமும், சேவிப்பதற்குச் சேர்ந்த பாடமும் இரண்டும் அச்சில் இருக்கவேண்டும். சந்தை மட்டும் சேர்ந்த பாடத்திலேயே நடக்கவேண்டும்.

உத்ஸவ காலங்களில் எம்பெருமானுக்கு முன்னே அருளிச்செயல் கோஷ்டியும் பின்னே வேதபாராயண கோஷ்டியும் எழுந்தருளுவது கண்கூடு. பின்னே வரும் வேதத்தில் ஸாமம் இன்றும் கானமாகவே ஒலிக்கிறது. முன்னே செல்லும் தமிழ் ஸாமம் பெரும்பாலும் இயலாக ஒலிக்கிறது. மார்கழி இரவுகளில் அரையர் கைத்தாளம் மட்டும் அதன் பூர்வஸ்வரூபத்தை நினைப்பூட்டுகிறது. நூறு ஆயிரமானது இசையாலே. அந்த ஆயிரம் பல நூற்றாண்டுகளைக் கடந்து வந்தது கட்டாலே. குறிலைக் குறிலாகவும் நெடிலை நெடிலாகவும், சீர் பிரியுமிடத்தில் பிரித்தும் சேருமிடத்தில் சேர்த்தும் ஒரு சிறுவனுக்குச் சந்தை சொல்லிவைப்பவர், தாம் பாடாவிட்டாலும், இசை மீண்டும் வந்து அமருவதற்குரிய இடத்தைப் பெருக்கிக் கோலமிட்டு வைத்தவராவார்.